ஜீரோ வரவேண்டிய பெயர்

"புள்ளி வைங்ணா" என்றாள் பிரிசில்லா டீச்சர். வைத்தேன். அது ம என்ற எழுத்தின் தலையில் போய் உட்கார்ந்து ம் ஆகிவிட்டது. டீச்சர் சிரித்தாள். மத்தியானம் இரண்டு மணிக்கு இந்தக் கம்ப்யூட்டர் சென்டரில் என்னைத் தவிர ஆள் கிடையாது, அதனால் வாயைப் பொத்தாமலே சிரித்தாள். "அந்தப் புள்ளி இல்லீங்ணா. வாக்கியம் முடிஞ்சா வெப்போமே, அது. தலைமேல ஏத்தாதீங்க, பக்கத்துல வைங்க." எந்தப் புள்ளி என்று முதலிலேயே சொல்ல உனக்கென்ன கேடு? வாய்வரைக்கும் வந்தது. முப்பது வருசமாகப் பழைய லேத்து, பழைய டிரில்லிங் மெஷின் என்று கணபதி ஏரியாவில் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கி, முதலாளிமாரின் மூஞ்சிக்கு நேராகவே இதெல்லாம் ஒரு விலையா என்று கேட்டுச் சண்டை கட்டி மேலே வந்தவன் நான், இங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கையைக் கட்டாத குறையாக உட்கார்ந்திருக்கிறேன். திரும்ப அடித்தேன். ம-வுக்குப் பக்கத்தில் ஈ இருந்துவிட்டுப் போனது போல ஒரு சின்னப் புள்ளி. "இந்தப் புள்ளின்னா ஏதோ ஒண்ணுன்னு அர்த்தம். எந்த எழுத்தா வேணாலும் இருக்கலாம். பேரு முழுசா ஞாபகம் இல்லீன்னா, ஞாபகம் இருக்கறத எழுதுங்க, மறந்த எடத்துல புள்ளி வைங்க. மெஷின் தேடிக் குடுக்கும். இப்படித் தேடறதுக்குப் பேருதான் ரெஜெக்ஸ், அவ்வளவுதாங்ணா, பயப்படாதீங்க." பயப்படாதீங்க என்று ஏன் சொன்னாள். பயம் என் முகத்தில் தெரிகிறதா. பழைய சாமான் லிஸ்ட் பெரிசா இருக்குதுங்க, பேரை எல்லாம் கண்டபடி எழுதி வெச்சிருக்கானுக, தேடக் கத்துக்கணும், அதற்குத்தான் வந்திருக்கிறேன் என்றுதான் முதல் நாள் சொன்னேன். அவளும் நம்பிவிட்டாள். ரெண்டு நாள் தமிழ் டைப்பிங், இன்றைக்குத் தேடுவது. கீழே மோட்டார் காயில் கட்டும் பட்டறையிலிருந்து வார்னிஷ் வாசம் படியேறி வருகிறது. அந்த வாசம் எனக்குச் சோறு போட்ட வாசம், இன்றைக்கு ஏனோ ஆஸ்பத்திரி மாதிரி அடிக்கிறது. ஏதோ ஒண்ணு. எந்த எழுத்தா வேணாலும். இந்தச் சொல்லை எங்கேயோ கேட்டிருக்கிறேன், கேட்டிருக்கிறேன் என்ன, சொன்னதே நான்தான், அந்த மழையில், அந்தத் தகரக் கூரைக்குக் கீழே, ஏதோ ஒண்ணு எழுதுய்யா என்று. வேண்டாம், அங்கே போகாதே, பாடத்தைப் பார்.

பாடத்தைப் பார்த்தேன். "மதி-ன்னு அடிச்சுக் காட்டுங்ணா" என்று அவளாகத்தான் சொன்னாள், நான் சொல்லவில்லை, சத்தியமாக நான் சொல்லவில்லை. ஆயிரம் சொல் இருக்கும்போது அதை ஏன் எடுத்தாள். அடித்தேன். "இதுல எத்தனை எழுத்து?" ரெண்டு என்றேன். "நமக்கு ரெண்டு. மெஷினுக்கு மூணு." ஒரு எழுத்தை அழிக்கும் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினாள், மதி போய் மத நின்றது. தி முழுசாகப் போகவில்லை, அதன் கொக்கி மட்டும் போயிருந்தது. "பாத்தீங்களா, த தனி, மேல இருக்கிற கொக்கி தனி. அதனால புள்ளி வெக்கறப்ப எழுத்துக்கு ஒண்ணுன்னு எண்ணாதீங்க, ஏமாந்துருவீங்க." ரெண்டைக் காட்டி மூன்று என்கிறாயே, தராசில் ஏமாற்றி எடைபோடும் ஆளா நீ என்றேன். சிரித்தாள். பிறகு அந்தக் கொக்கியை மட்டும் தனியாக அடித்துக் காட்டினாள். அது தனியாக நிற்கவில்லை. தனக்குப் பக்கத்தில் புள்ளி புள்ளியாக ஒரு வட்டத்தை வைத்துக்கொண்டு நின்றது. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் யாரோ எழுந்து போன மாதிரி ஒரு வட்டம். "ஏறிக்க மெய் இல்லீங்ணா, அதான் அப்படித் தவிக்குது." உயிரும் மெய்யும் ரெண்டாம் வகுப்பில் படித்தது, அப்போது அடி வாங்கிப் படித்தேன், அது இவ்வளவு கெட்ட சங்கதி என்று அந்த வாத்தியார் சொல்லவில்லை. நான் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அண்ணா?" என்றாள். இந்த ஊரில் ஆட்டோக்காரனையும் அண்ணா என்பார்கள், ஐம்பத்து நாலு வயசுக்காரனையும் அண்ணா என்பார்கள், அதில் ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் என் பிடரியில் யாரோ விரலை வைத்த மாதிரி இருக்கிறது. சார் என்று கூப்பிடும்மா என்று முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். இனிச் சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று கேட்டால் எனக்கு ஒரு தங்கச்சி இருந்தாள் என்று சொல்ல வேண்டிவரும். இருந்தாளா, இருக்கிறாளா, அதைத்தான் தேட வந்திருக்கிறேன்.

டீச்சர் சாப்பிடப் போனாள். பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் டிபன் டப்பா மூடி திறக்கிற சத்தம். "நீங்க உங்க லிஸ்ட்ட வெச்சுப் பழகுங்ணா, சந்தேகம் வந்தா இங்கிருந்தே சொல்றேன்." சட்டைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்துச் செருகினேன். மூன்றாவது தடவைதான் உள்ளே போனது. போன மாதம் மலையடிவாரத்தில் மூடிக் கிடந்த அந்த மனநோயாளிகள் இல்லத்தைக் காலி பண்ணுகிறார்கள் என்று காதில் விழுந்ததும் ஓடினேன். எண்பது இரும்புக் கட்டில், துணி துவைக்கும் பெரிய மெஷின் ரெண்டு, ஒரு பாய்லர், ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டர். சொன்ன விலைக்குச் சரி என்றேன். சென்னியப்பன் பேரம் பேசாமல் சாமான் எடுத்தான் என்று என்னைப் பார்த்து மார்க்கெட்டே வாயைப் பிளந்தது. கட்டில்களை அன்றைக்கே விற்றுத் தள்ளிவிட்டேன். ஒரு கட்டிலின் சட்டத்தில் நகத்தால் சுரண்டிய கோடுகள் இருந்தன, அவளுடையதாக இருக்காது, எண்பது கட்டிலில் அது எப்படி அவளுடையதாக இருக்கும், அதையும் தள்ளிவிட்டேன். கம்ப்யூட்டரை மட்டும் வைத்துக்கொண்டேன். அதற்குள் ஒரே ஒரு ஃபைல்தான் எனக்கு வேண்டியது, அங்கே சேர்ந்தவர்களின் பட்டியல். ஆளுக்கு ஒரு வரி. பெயர், காற்புள்ளி, ஆணா பெண்ணா, வயசு, கொண்டுவந்து விட்டவர், தேதி, அனுமதி, அதற்குப் பிறகு குறிப்பு, குறிப்பு என்று அகலமாகப் போய்க்கொண்டே இருக்கும். நாலாயிரத்து நூற்று இருபத்தாறு வரி, முன்பின் வரிசை கிடையாது. பழைய நோட்டைக் கரையான் தின்றுவிட்டதாம், பழைய ஆட்களுக்கெல்லாம் தேதி இல்லை என்றே அடித்து வைத்திருக்கிறான் எவனோ. கொண்டுவந்து விட்டவர் என்ற இடத்தில் உறவினர், உறவினர், உறவினர். ஒரு ஆள் பெயர் கிடையாது. எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு வருகிற ஒறம்பரைக்கு, அதுதான் சொந்தபந்தத்துக்கு, வாசலில் நின்று சந்தனம் கொடுப்பார்கள், அந்த ஒறம்பரை எல்லாம் இந்த ஃபைலுக்குள் ஆளுக்கு ஒருத்தியைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து விட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போயிருக்கிறார்கள். வீட்டில் வைத்து முந்நூறு வரி படித்துப் பார்த்தேன். பெயர்களை மட்டும். அதற்குமேல் எந்தப் பெயரைப் பார்த்தாலும் இதுதானோ என்றது மனசு. லட்சுமி என்று இருந்தால் இதுதானோ. ராபியா என்று இருந்தாலும் இதுதானோ. கண்ணை மூடினால் வரிகள் ஓடின. படிக்கத் தெரிந்தவன் படிக்க முடியாமல் போனது அன்றைக்குத்தான்.

ஏனென்றால் என் தங்கச்சியை அங்கே விட்டபோது நான் அவளுடைய பெயரைக் கொடுக்கவில்லை. வேறு பெயர் கொடுத்தேன், அதுவும் எந்தப் பெயர் என்று எனக்கே தெரியாது. இதை எவனிடம் சொல்வேன். எவனைக் கூப்பிட்டு இதைத் தேடித்தாடா என்பேன். அவளுக்குப் பத்தொன்பது வயசு, எனக்கு இருபத்தெட்டு. சுவரோடு பேச ஆரம்பித்திருந்தாள். சுவரோடு பேசினால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், எனக்குப் பெண் கொடுக்க வீடு பார்க்க வந்த சம்பந்திகள் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது வந்து அவர்களுடைய செருப்பையெல்லாம் வரிசையாக அடுக்கி ஒவ்வொன்றுக்கும் வணக்கம் சொன்னாள். அப்போதும் அடித்தேன். மறுநாள் விடிந்ததும் பஸ் ஏற்றிக் கூட்டிப் போனேன். ஆபீஸில் கண்ணாடி போட்ட கிளார்க்கு, மாசக் கட்டணத்தில் அவனோடும் பேரம், பேரம் முடிந்தபோது மழை பிடித்துக்கொண்டது, தகரக் கூரைமேல் லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரிச் சத்தம். பேர் என்ன என்றான். அவளைப் பார்த்துத்தான் கேட்டான். அவள் வாயைத் திறந்தாள். நான் அந்த வாய்மேல் கையை வைத்தேன். உண்மைப் பெயர் எழுதினால் நாளைக்கு எவனாவது வந்து விசாரிப்பான், என் கல்யாணம் நிற்கும். ஏதோ ஒண்ணு எழுதுய்யா, இப்பப் பேரா முக்கியம் என்று கத்தினேன். அவன் ஏதோ ஒண்ணு எழுதினான், எழுதியதை வாய்விட்டுப் படித்தான், மழையில் கடைசித் துண்டுதான் காதில் விழுந்தது. மதி. வதியோ, ரதியோ, இல்லை, மதிதான். என் உள்ளங்கை ஈரமாக இருந்தது. மழை ஈரமா, அவள் வாயின் ஈரமா. இருபத்தாறு வருசம், எத்தனை இரும்பைத் தொட்ட கை, அந்த ஈரம் மட்டும் காயவில்லை. அம்மாவிடம் பழனித் தைப்பூசக் கூட்டத்தில் கை நழுவிப் போய்விட்டாள் என்றேன். அம்மா அதற்குப் பிறகு பஸ்ஸில் ஏறினால் உட்காரமாட்டாள், ஒவ்வொரு சீட்டாகக் குனிந்து முகம் பார்ப்பாள். கல்யாணக் கூட்டத்திலும் பார்ப்பாள், சாவு வீட்டிலும் பார்ப்பாள். யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் என்று ஊர் உலகத்தில் உள்ள முகத்தையெல்லாம் பார்த்து ஏழு வருசம் கழித்துப் பார்வையோடேயே செத்துப்போனாள். கல்யாணமும் ஆயிற்று. அந்தப் பெண் ரெண்டே வருசத்தில், உங்களோடு மனுசன் இருக்க முடியாது என்று பொறந்த வீட்டுக்குப் போனவள்தான். சரிதான் போ என்றேன். இதற்காகவா. இதற்காகவா அந்த வாயைப் பொத்தினேன். ஒரு தடவை, மூணாம் வருசமோ நாலாம் வருசமோ, அந்த இல்லத்தின் கேட்வரைக்கும் போனேன். வாட்ச்மேன் யாரைப் பார்க்கணும் என்றான். பெயர் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு பணம் அனுப்புவதோடு சரி, கிளார்க்கு கொடுத்த எண்ணைப் போட்டு அனுப்புவேன், பிறகு தர்மத்துக்குப் பார்த்துக்கொள்கிறோம் என்று கடிதம் வந்தது, அதோடு அதுவும் நின்றது. கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். எண்ணும் அதோடு போயிற்று.

தேடும் கட்டத்தில் மதி என்று அடித்தேன். ஒரே ஒரு அடி, அந்தப் பொத்தானை அழுத்த எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை, தடுப்புக்குப் பின்னால் டீச்சர் அப்பளம் கடிக்கிற சத்தம் கேட்டது. அழுத்தினேன். திரை முழுக்க மஞ்சள். மேலே போனால் மஞ்சள், கீழே இழுத்தால் மஞ்சள், வரிக்கு வரி ஒரு மஞ்சள் கட்டை. நாலாயிரத்து ஐந்நூற்று எட்டு என்றது மெஷின். வரியே நாலாயிரத்து நூற்றுச் சொச்சம்தானே, ஆளைவிட மதி எப்படி அதிகமாகும். எல்லாருமே அவள்தான் என்கிறதா இந்தச் சனியன். பிறகு கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். அனுமதி. ஒவ்வொரு வரியிலும் அனுமதி, அனுமதி. அதற்குள் இருக்கிற மதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நடுநடுவே திருமதி என்று எழுதியிருந்த கிழவிகளையும் விடவில்லை. அட கருமமே. சிரிப்பு வந்தது, சிரிப்பென்றும் சொல்ல முடியாது. அவளைத் தேடப் போனால் அவளை உள்ளே தள்ளிய சொல்தான் கையில் மாட்டுகிறது. "டீச்சர்" என்று கத்தினேன், "ஒரு சொல்லுக்குள்ளாற இன்னொரு சொல் கெடந்து மாட்டுதே, என்ன பண்றது?" தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து, வாயில் சோறோடு, "வரியோட ஆரம்பத்துலதான் தேடணும்னு சொல்லிருங்ணா. முதல்ல தொப்பி மாதிரி ஒரு குறி இருக்குதில்ல, ஆறு நெம்பருக்கு மேல, அத வைங்க. அப்புறம் புள்ளி, அப்புறம் நட்சத்திரம். நட்சத்திரம்னா முன்னாடி இருக்கறது எத்தனை வேணாலும் வரலாம். அப்புறம் உங்க சொல்லு. கடைசியா ஒரு காற்புள்ளி." வைத்தேன். திருமதிகள் தனியாக மாட்டுவது நின்றது. ஆனால் இந்தத் தடவை வரியின் தலையிலிருந்து அனுமதி வரைக்கும் மொத்தமாக மஞ்சள், பெயர், வயசு, உறவினர் எல்லாவற்றையும் சேர்த்து வாரிக்கொண்டு நிற்கிறது. "இது எல்லாத்தையும் முழுங்குது டீச்சர்!" "ஆமாங்ணா, புள்ளியும் நட்சத்திரமும் சேந்தா அதுக்குப் பேராசை. எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போயித்தான் நிக்கும்." பேராசைக்காரனுக்குப் பாடம் எடுக்கிறாள். "அப்ப அதுக்கு என்ன மருந்து?" "புள்ளிய எடுத்துட்டு சதுர அடைப்பு போடுங்க. அடைப்புக்குள்ள தொப்பி, காற்புள்ளி. காற்புள்ளியத் தவிர எதுவும்னு அர்த்தம். அப்ப முதல் காற்புள்ளியத் தாண்ட முடியாதில்ல." எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இப்பத்தான தொப்பின்னா ஆரம்பம்னு சொன்னீங்க? வெளிய நின்னா ஆரம்பம், உள்ள போனா வேண்டாம்னு அர்த்தமா? ஒரே சாமானுக்கு ரெண்டு வெலை சொல்றீங்களே!" டப்பாவைத் தட்டிச் சிரித்தாள். "ஏனுங்ணா, வீட்டுக்கு வந்தவங்கள வாங்கன்னு சொல்றதும், கடைக்குக் காய் வாங்கப் போறதும் ஒரே வாங்கதானுங்? எங்க நிக்குதுன்னு பாத்துத்தான் அர்த்தம்." எங்கே நிற்கிறது என்று பார்த்துத்தான் அர்த்தம். வெளியே நின்றபோது அவள் ஒருத்தி, உள்ளே போனதும் வேறு ஒருத்தி.

^[^,]*மதி, என்று ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அடித்தேன். பார்க்க முள்வேலி மாதிரி இருந்தது. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தெட்டு பேர் வரிசையில் வந்து நின்றார்கள். வசுமதி. பானுமதி. இந்துமதி. சுமதி, சுமதி, சுமதி. வளர்மதி. வான்மதி. சந்திரமதி. ஐம்பத்தெட்டில் ஒருத்தி. அம்மா பஸ்ஸில் குனிந்து குனிந்து பார்த்த மாதிரி நானும் குனிந்து பார்க்க ஆரம்பித்தேன். பானுமதி, வயது 61, அவள் இல்லை. வளர்மதி, வயது 22, தேதி இல்லை, குறிப்பு: காசநோய், காலமானார். அந்த வரியில் நின்றுவிட்டேன். வயசு கிட்டத்தட்ட ஒத்துவருகிறது. காலமானார் என்ற சொல்லுக்குப் பிறகு ஒன்றும் இல்லை, ஒரு முற்றுப்புள்ளி மட்டும், இந்தப் புள்ளி எதைக் குறிக்கிறது, ஏதோ ஒன்றையா, இல்லை ஒன்றுமே இல்லையா. இவள்தானா. உள்ளங்கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டேன். அடுத்த வரிக்குப் போகப் பயம், இவள்தான் என்று நம்பவும் பயம், நம்பினால் முடிந்துபோகும், எழுந்து வீட்டுக்குப் போகலாம், தலைமுழுகலாம். மனசின் ஒரு மூலை, கேவலமான மூலை, அதைத்தான் கேட்டது. முடித்துவிடு, இவள்தான் என்று வை, விலையைச் சொல்லிக் கை குலுக்கு, எழுந்து போ. எத்தனை பேரத்தை அப்படி முடித்திருக்கிறாய். இல்லை. அடுத்தது. இந்துமதி, வயது 19, கைக்குழந்தையோடு வந்தார், இல்லை, அவளுக்கு ஏது. வான்மதி, வயது 20, பேசமாட்டார். அவள் பேசுவாள், சுவரோடுகூடப் பேசுவாள். ஆனால் வாயைப் பொத்தினால் அதற்குப் பிறகு பேசாமல் போகலாமே. அந்த வரிமேல் விரலை வைத்துக்கொண்டேன். மதிதான் காதில் விழுந்தது என்று நான் எதை வைத்துச் சொல்கிறேன். அது வதியாக இருந்தால் ஐம்பத்தெட்டு பேரும் யாரோ. இருபத்தாறு வருசமாக மழைச்சத்தத்தில் கேட்ட ஒரு துண்டைத் தேய்த்துத் தேய்த்து நானே மதி ஆக்கியிருக்கலாம். தேடுகிற மாதிரியே, நான் அடித்த அந்த முள்வேலியே தப்பாக இருக்கலாம்.

"டீச்சர், தேடறதுக்கு நாம எழுதுன மாதிரி சரியா தப்பான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?" என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது. தண்ணீர் குடித்துவிட்டுப் பதில் சொன்னாள். "ரெண்டு சோதனை இருக்குதுங்ணா. கண்டிப்பா இருக்குதுன்னு தெரிஞ்ச ஒண்ணத் தேடிப் பாக்கணும், கெடைக்கோணும். அப்புறம், இல்லவே இல்லைன்னு உறுதியாத் தெரிஞ்ச ஒண்ணத் தேடிப் பாக்கணும். ஜீரோ வரணும். ஜீரோ வந்தாத்தான் மெஷின நம்பலாம்." கண்டிப்பாக இருக்கிறது என்று எனக்கு ஒன்றும் தெரியாது. இல்லவே இல்லை என்று தெரியும். அந்தப் பட்டியலில் இல்லவே இல்லாத பெயர் உலகத்திலேயே ஒன்றுதான், அதை எழுதவிடாமல் தடுத்தவன் நான். இருபத்தாறு வருசமாக வாயால் சொல்லாத பெயர், மனசுக்குள்ளும் அவள் என்றே சொல்லிக்கொண்ட பெயர். தேடும் கட்டத்திலிருந்த முள்வேலியை அழித்தேன். வீட்டில் கூப்பிட்ட மாதிரியே, கடைசி ள் இல்லாமல் அடித்தேன். மயிலாத்தா. ம, ய, அந்தக் கொக்கி, லா, த்தா. அடித்து முடிக்கும்போதே கண் கலங்கியது, எழுத்தைப் பார்த்தே கண் கலங்குமா. அழுத்தினேன். ஜீரோ வரணும்.

மூன்று என்றது. திரை தானாகவே எங்கேயோ கீழே ஓடி ஒரு வரியில் போய் நின்றது. மூன்றும் அந்த ஒரே வரியில். சுமதி, பெண், வயது சுமார் 20, உறவினர், தேதி இல்லை, அனுமதி. ஐம்பத்தெட்டு பேரில் இவளைத் தாண்டிப் போயிருக்கிறேன், குறிப்பைப் படிக்காமல், சுமதி என்றாலே ஊரில் பாதிப் பேர் என்று. குறிப்பு: தன் பெயர் சுமதி அல்ல, மயிலாத்தாள் என்று ஓயாமல் சொல்கிறார். சுமதி என்று அழைத்தால் திரும்புவதில்லை. உண்பதில்லை. இது ஒரு தவறான நம்பிக்கை, நோயின் அறிகுறி என்று டாக்டர் கருதுகிறார். மருந்து கூட்டப்பட்டது. ஆறு மாதம்: சுவரில் மயிலாத்தாள் என்று எழுதுகிறார், சுவர் வெள்ளையடிக்கப்பட்டது, மருந்து கூட்டப்பட்டது. இரண்டாம் ஆண்டு: மயிலாத்தாள் என்பதைக் குறைவாகவே சொல்கிறார். மூன்றாம் ஆண்டு: சுமதி என்று அழைத்தால் திரும்புகிறார். நல்ல முன்னேற்றம். அதைத் திரும்பப் படித்தேன். நல்ல முன்னேற்றம். மூன்று வருசம் ஒருத்தி தன் பெயரைச் சொல்லியிருக்கிறாள், அது உண்மை என்று தெரிந்த ஒரே மனுசன் கணபதியில் லேத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்திருக்கிறான். அந்த டாக்டரைத் திட்ட வாய் வந்தது, எந்த டாக்டரை, அவனுக்கு என்ன தெரியும், நோட்டில் சுமதி என்று இருந்தது, அவள் இல்லை என்றாள், நோட்டைத்தானே நம்புவான். எனக்குக் கோபப்பட ஒரு ஆள் வேண்டும், எப்போதும் எனக்கு யாராவது ஒரு ஆள் கிடைப்பான், இன்றைக்குக் கிடைக்கவில்லை, திரையில் என் முகம்தான் மங்கலாகத் தெரிந்தது. வாட்ச்மேன் யாரைப் பார்க்கணும் என்று கேட்டானே, அது எந்த வருசம். அன்றைக்கு அவள் பெயரைச் சொல்லியிருந்தால், அட, அந்தப் பெண்ணா, அவள் சொல்வது நிசம்தானா என்று உள்ளே ஓடியிருப்பார்களே. வரி இன்னும் முடியவில்லை. வலது பக்கம் இழுத்தேன். சமையல்கட்டில் உதவுகிறார். பாட்டுப் பாடுகிறார். இல்லம் மூடப்பட்டதால் தாராபுரம் சாலை பெண்கள் காப்பகத்துக்கு மாற்றப்பட்டார். ஒரு போன் எண்.

"என்னுங்ணா, ஜீரோ வந்துச்சா?" டீச்சர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். மறைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. "கெடைச்சிருச்சும்மா" என்றேன். "அப்ப நீங்க எழுதுன மாதிரி தப்பில்லீங்ணா, நீங்க உறுதின்னு நெனச்சதுதான் தப்பு" என்று சொல்லிக்கொண்டே திரையைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், லேத்து இல்லை, டிரில்லிங் மெஷின் இல்லை, அவள் முகம் மெதுவாக மாறியது. "யாருங்ணா இது?" நான் போனை எடுத்து எண்களை அடித்தேன். ஒவ்வொரு எண்ணாக, திரையைப் பார்த்து, போனைப் பார்த்து. மணி அடித்தது. ஒரு பெண் எடுத்தாள், பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம். "காப்பகமுங்க, சொல்லுங்க." "அங்க மயிலாத்தாள்னு" என்று ஆரம்பித்தேன். "அப்படி யாரும் இல்லீங்களே" என்று சட்டென்று சொன்னாள். "சுமதி" என்றேன். அந்தப் பெயரை என் வாயால் முதல்தடவையாகச் சொல்கிறேன், எச்சில் கசந்தது. "எந்தச் சுமதிங்க? மூணு பேர் இருக்காங்க. இன்ஷியல் என்னங்க?" "இன்ஷியல் போடலைங்க." "அட, இன்ஷியல் இல்லாத நம்ம சமையல்கட்டுச் சுமதியக்காவா! இருங்க, பக்கத்துலதான் இருக்காங்க. அவங்களுக்குப் போனே வராதுங்களே." போனைக் கையால் மூடாமலே கூப்பிட்டாள், "சுமதியக்கா, உங்களுக்குத்தான்!" பாத்திரச் சத்தம் நின்றது. "வந்துட்டனுங்" என்றது ஒரு குரல். கட்டையாகியிருந்தது, கிழடு தட்டியிருந்தது, ஆனாலும் அந்தக் குரல். ஒரே கூப்பாட்டுக்குத் திரும்பிவிட்டாள். டீச்சர் என் தோளுக்குப் பின்னால் அசையாமல் நின்றாள். போன் கை மாறுவது கேட்டது, ஈரக்கை. "யாருங்க?" என்றாள். எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது. திரும்புகிற பெயரைச் சொன்னால் பேசுவாள், நலமா என்று கேட்கலாம், அப்படியே ஆரம்பித்துக்கொள்ளலாம், மற்றது பிறகு. முப்பது வருசப் பேரக்காரனின் மூளை ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிட்டது. வேண்டாம். "மயிலாத்தா" என்றேன். எங்கோ குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. "மயிலாத்தா, நான் சென்னியண்ணன்." குழாயை யாரோ மூடினார்கள். பிறகு அவள் பேசினாள், பாடம் ஒப்பிக்கிறவள் மாதிரி, மரியாதையாக, மெதுவாக, "அப்படி யாரும் இங்க இல்லீங்க" என்றாள். போனை மட்டும் வைக்கவில்லை. மூச்சு விடுவது கேட்கிறது. நானும் வைக்கவில்லை.